1911 துப்பாக்கி: துடைத்து மாட்டிய பிறகு மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

துடைப்பதற்கு முன் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த 1911, மாட்டியதும் மக்கர் செய்கிறதா? பாகம் உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏதோ ஒன்று திரும்பியோ, சாய்ந்தோ, இடம் மாறியோ உட்கார்ந்திருக்கும். அரமும் சுத்தியும் இந்த வேலைக்கு வேண்டாம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை அமெரிக்க இராணுவம் 1911 மார்ச் மாதம் ஏற்றுக்கொண்டு, 1985இல் பெரெட்டா துப்பாக்கி வரும்வரை தன் முதன்மைக் கைத்துப்பாக்கியாக வைத்திருந்தது. களத்தில் சிப்பாய் கையாலேயே கழற்றி மாட்ட வேண்டும் என்று செய்யப்பட்டது அது. பாகங்கள் சரியான நிலையில் இருந்தால் கட்டைவிரல் அழுத்தத்துக்கு மேல் எங்கும் பலம் தேவைப்படாது. தேவைப்படுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 5 அங்குல பேரலும் (குழல்), அதன் முன்முனையைத் தாங்கும் புஷிங் என்ற வளையமும் உள்ள, .45 ஏசிபி தோட்டா போடும் வழக்கமான வகைக்கு. புஷிங் இல்லாத 3 அங்குலக் குட்டைகளுக்கும், ஸ்பிரிங்குக்குள் நீளக் கம்பி (கைடு ராடு) போட்டவற்றுக்கும் முன்பக்க வேலை வேறு மாதிரி. ஃப்ரேமுக்குள், அதாவது பிடியும் ட்ரிகரும் உள்ள கீழ்ச்சட்டத்துக்குள், நடப்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

தொடங்கும் முன்

மேகசினை எடுங்கள். ஸ்லைடை (மேலே முன்பின் ஓடும் பகுதி) பின்னால் இழுத்துப் பிடித்து, சேம்பரை (பேரலில் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியாலும் தடவிப் பாருங்கள். வரிசை முக்கியம்: மேகசினை எடுக்காமல் ஸ்லைடை இழுத்தால் சேம்பரில் இருந்தது வெளியே விழும், விட்டதும் அடுத்தது உள்ளே போகும். தோட்டாக்கள் மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சோதனைக்கு டம்மி தோட்டா போதும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பேரலுக்குக் கீழே உள்ள ரீகாயில் ஸ்பிரிங்கின் முன்மூடி (பிளக்) கட்டைவிரலிலிருந்து நழுவினால் நேராக முகத்துக்குத்தான் வரும்.

அடுத்து ஒரு கேள்வி: எதுவரை கழற்றினீர்கள்? ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங் மட்டும் என்றால் கீழே முதல் பாதியைப் படித்தால் போதும். ஹேமர் (வெடிக்கவைக்க முன்னால் விழும் உறுப்பு), அதைப் பிடித்து நிறுத்தும் சியர், இவற்றின் பக்கம் கையே வைக்காதபோது அங்கே நீங்கள் எதையும் மாற்றி மாட்டியிருக்க முடியாது. அழுக்கும் கெட்டியான எண்ணெயும் மட்டும்தான் அங்கே சந்தேகத்துக்குரியவை. பிடியின் பின்புறத்தில் ஹேமரின் ஸ்பிரிங்கை வைத்திருக்கும் மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கையும் கழற்றியிருந்தால் இரண்டாம் பாதியில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

ஸ்லைடு ஸ்டாப் உள்ளே போகவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். ஸ்லைடு ஸ்டாப் என்ற நெம்பின் ‘பின்’ (ஊசிக் கம்பி) ஃப்ரேமின் இடப்புற ஓட்டையில் நுழைந்து, பேரலுக்குக் கீழே தொங்கும் லிங்க் என்ற சிறு இணைப்பின் ஓட்டையைத் தாண்டி, வலப்புறம் வெளியே வர வேண்டும். பாதியில் முட்டினால் லிங்க் சாய்ந்திருக்கிறது. பேரலை ஸ்லைடுக்குள் விட லிங்க்கை முன்னால் மடக்கியிருப்பீர்கள், ஃப்ரேமில் ஏற்றும்போது அது நிமிராமல் விட்டிருக்கும்.

துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, இடப்புற ஓட்டை வழியே வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். லிங்க் சரியாக நின்றால் ஃப்ரேம் ஓட்டைக்குள் இன்னொரு முழு வட்டம் தெரியும். பிறை மாதிரி தெரிந்தால் ஸ்லைடை ஒரு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ நகர்த்துங்கள். பிறை வட்டமாகும் இடத்தில் பின்னை விடுங்கள். தட்டி இறக்கப் பார்த்தால் லிங்க்கின் ஓரம் நசுங்கும்.

சில நேரம் பின் லிங்க்கைத் தவறவிட்டும் உள்ளே போய்விடும். மாட்டியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ஸ்லைடு கொஞ்சதூரம் பின்னால் வந்ததும் கெட்டியாக நின்றுவிடும். பேரலைக் கீழே இழுத்துப் பூட்டைத் திறப்பது லிங்க்தான். அது பிடிக்கவில்லை என்றால் பேரலின் மேல் பற்கள் ஸ்லைடை விடாது. இந்த நிலையில் பலங்கொண்டு இழுக்க வேண்டாம். ஸ்டாப்பை வெளியே எடுத்து மறுபடி வட்டம் பாருங்கள்.

பின் லிங்க்குக்குள் போய்விட்டது, ஆனால் ஸ்டாப்பின் கைப்பகுதி ஃப்ரேமோடு ஒட்டாமல் ஒரு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்றால் இரண்டு காரணம் உண்டு. ஸ்லைடின் கீழ் விளிம்பில் இடப்பக்கம் ஸ்டாப்புக்கென இரண்டு வெட்டுகள் இருக்கும். முன்னால் இருக்கும் பெரியது ஸ்லைடைத் திறந்து நிறுத்துவதற்கு. அதற்குப் பின்னால் இருக்கும் சிறிய அரைவட்டம்தான் கழற்றி மாட்டுவதற்கு. ஸ்டாப்பின் மேல் மூக்கு அந்தச் சிறிய வெட்டுக்கு நேராக வந்தால்தான் உள்ளே நுழையும். அதுவும் சரி என்றால் ஸ்டாப்புக்குப் பின்னால், ஸ்பிரிங் தள்ளும் சிறிய ஊசி (பிளஞ்சர்) தடுக்கிறது. மெல்லிய ஸ்க்ரூடிரைவர் நுனியால் பிளஞ்சரை உள்ளே தள்ளிப் பிடித்து, ஸ்டாப்பை நேராக அழுத்துங்கள். ‘டக்’ என்று உட்காரும்.

இந்தப் பிளஞ்சரைத் தோற்கடிக்கத்தான் பலர் ஸ்டாப்பைக் கீழிருந்து மேலே வளைத்துத் தள்ளுவார்கள். ஃப்ரேமின் இடப்பக்கம் பிறை வடிவில் ஒரு கீறல் விழும். இரண்டாங்கையாக வாங்குபவர் முதலில் தேடுவதும் அதைத்தான். பழைய ஏடிஎம் அட்டை ஒன்றை ஸ்டாப்புக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் வையுங்கள், அல்லது அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

ஸ்லைடு ஃப்ரேமில் ஏறவே இல்லை

ரீகாயில் ஸ்பிரிங் கைடைப் பாருங்கள். அதன் தலையில் ஒரு பக்கம் அரைவட்டமாகக் குடைந்திருக்கும். அந்தக் குழிவு பேரலை அணைத்தபடி மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஒன்று ஸ்லைடு ஏறாது, இல்லை ஏறியும் ஸ்டாப் பின்னுக்கு இடம் இருக்காது.

கைடும் சரி என்றால் ஸ்லைடுக்குள் இருக்கும் சேஃப்டி அமைப்பு காரணமாக இருக்கலாம். கோல்ட் சீரிஸ் 80 வகையில் ட்ரிகரை அழுத்தும்போது ஃப்ரேமிலிருந்து ஒரு சிறிய நெம்பு மேலே எழும்பும். கிம்பர் சீரிஸ் II வகையில் அதே வேலையை, பிடியின் பின்புறத்தில் உள்ள க்ரிப் சேஃப்டி செய்கிறது. பிடியை வழக்கம்போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்லைடை ஏற்றினால் எழுந்து நிற்கும் அந்த உறுப்பின் மேல் ஸ்லைடு மோதும், மோதிய பின்னும் தள்ளினால் அது வளையும். ட்ரிகரைத் தொடாமல், க்ரிப் சேஃப்டியை அமுக்காமல், ஃப்ரேமை முன்பக்கமாகப் பிடித்து ஏற்றுங்கள். இது தெரியாமல் கெட்ட கிம்பர்கள் நிறைய.

ஸ்லைடு முழுசாக முன்னால் வந்து மூடவில்லை

இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிற்கும். விரலால் தள்ளினால் மூடிக்கொள்ளும். ஸ்பிரிங்கை எடுத்துப் பாருங்கள். செருகும்போது ஒரு சுருள் மடங்கி பக்கத்துச் சுருளின் மேல் ஏறியிருக்கலாம். புஷிங்கைத் திருப்பி அதன் இடத்துக்குக் கொண்டுவரவில்லை என்றால் பிளக் வெளியே துருத்தி நிற்கும். அந்த நிலையில் விட்டால் அது சீறிப் பறக்கும். பிளக்கின் முன்முகம் புஷிங்கின் கீழ்ப்பக்க நாக்குக்குப் பின்னால் முழுசாக அடங்கியிருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மந்தமாக மூடுகிறதென்றால் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள். தண்டவாளம் இரண்டுக்கும் தலா ஒரு சொட்டு, பேரலின் மேல் பற்களில் ஒரு சொட்டு, புஷிங் உரசும் பேரல் முனையில் ஒரு சொட்டு, ஸ்லைடு மூடாதவரை ட்ரிகரைச் சியரிலிருந்து துண்டித்துவைக்கும் டிஸ்கனெக்டரின் தலையில் ஒரு சொட்டு. தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளைக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். அங்கே அது புகைக்கரியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

ஃபயரிங் பின் ஸ்டாப் கீழே இறங்கவில்லை, அல்லது தானே நழுவுகிறது

ஸ்லைடின் பின்முனையில் இருக்கும் அந்தச் சதுரத் தகடு எக்ஸ்ட்ராக்டரின் (சேம்பரிலிருந்து தோட்டாவை இழுக்கும் கொக்கி) பின்பக்கப் பள்ளத்தையும் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் தன் துளைக்குள் கொஞ்சம் உருண்டிருந்தால் பள்ளம் சாய்ந்து தகட்டை மறிக்கும். நகத்தாலோ மெல்லிய ஸ்க்ரூடிரைவராலோ எக்ஸ்ட்ராக்டரின் வாலைத் திருப்பிப் பள்ளத்தை நேராக்குங்கள். பிறகு ஃபயரிங் பின்னை உள்ளே அமுக்கிப் பிடித்தபடி தகட்டை இறக்குங்கள். பின்னின் முனை தகட்டின் நடு ஓட்டையில் எழும்பி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் தகடு வழுக்கிவிடும். ஃபயரிங் பின் ஸ்பிரிங்கின் இறுக்கமான முனைதான் பின்னைப் பிடிக்கும். மாற்றிப் போட்டிருந்தால் அடுத்த முறை கழற்றும்போது ஸ்பிரிங் பின்னோடு வராது. சீரிஸ் 80இல் ஃபயரிங் பின் உள்ளே போக மறுத்தால், ஸ்லைடின் அடியில் தெரியும் பிளஞ்சரை அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

மேகசின் காலியாகியும் ஸ்லைடு நிற்கவில்லை

மேகசினையும் பிரித்துத் துடைத்தீர்களா? தோட்டாக்களைக் கீழிருந்து தாங்கும் ஃபாலோயரைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். ஸ்லைடு ஸ்டாப்பைத் தூக்கிவிடுவது ஃபாலோயரின் இடப்பக்கம். முன்பின் மாறினால் அது ஸ்டாப்பைத் தொடாது. ஸ்பிரிங்கின் மேல் சுருள் முன்பக்கம் உயர்ந்து, ஃபாலோயரின் மூக்கைத் தாங்க வேண்டும். அது மாறினால் தோட்டா மூக்கைத் தொங்கப்போட்டு, சேம்பருக்குள் ஏற்றும் சரிவில் (ரேம்ப்) முட்டும்.

தம்ப் சேஃப்டி மேலே போகவில்லை

முதலில் ஹேமர் பின்னால் நிற்கிறதா பாருங்கள். ஹேமர் இறங்கியிருக்கும்போது இந்தக் கட்டைவிரல் சேஃப்டி ஏறாது, ஏறக் கூடாது. பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும். ஹேமர் முழுசாக நின்றும் ஏறவில்லை என்றால் கீழே சியர் பகுதிக்குப் போங்கள்.

இனி ஃப்ரேமுக்குள் கைவைத்தவர்களுக்கு. இந்த வேலையின்போது ஸ்லைடு இல்லாத ஃப்ரேமில் ட்ரிகரை அழுத்தி ஹேமரைச் சும்மா விழவிடாதீர்கள். அது ஃப்ரேமில் அடித்து அடித்தே வடு செய்யும். கட்டைவிரலால் தாங்கி இறக்குங்கள்.

ஹேமர் நிற்கவில்லை, ஸ்லைடோடு சேர்ந்து வந்துவிடுகிறது

இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். ஸ்லைடு மூடும்போது ஹேமரும் கூடவே விழுந்தால், தோட்டா போட்ட துப்பாக்கி கேட்காமலே வெடிக்கலாம், ஒரே அழுத்தத்துக்கு இரண்டு முறையும் வெடிக்கலாம். இதைச் சரிசெய்யும்வரை தோட்டா பக்கத்தில் வரக் கூடாது.

காரணம் ஏறக்குறைய எப்போதும் சியர் ஸ்பிரிங். மூன்று இலை கொண்ட தட்டை ஸ்பிரிங் அது. துப்பாக்கியின் முதுகுப்பக்கமாக, முனை உங்களிடமிருந்து விலகி இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். இடது இலை சியரைத் தள்ளுகிறது. நடு இலை டிஸ்கனெக்டரையும், அதன் வழியாக ட்ரிகரையும். வலது இலை க்ரிப் சேஃப்டியை. இடது இலை வழுக்கி சியருக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாலோ, டிஸ்கனெக்டரின் மேல் போய் உட்கார்ந்தாலோ சியருக்கு அழுத்தம் இல்லை. ஹேமரின் பல்லைப் பிடிக்க அதற்குத் தெம்பு இருக்காது.

ஸ்பிரிங்கின் அடியில் ஒரு மடிப்பு உண்டு. அது ஃப்ரேமின் பின்புறச் சிறு வெட்டுக்குள் நுழைய வேண்டும். நுழையாமல் மேலே சாய்த்துவைத்தால் ஹவுசிங்கைத் தள்ளும்போது மொத்த ஸ்பிரிங்கும் மேலே ஏறி, மூன்று இலையும் இடம் மாறும். மடிப்பை நுழைத்ததும் மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கைக் கீழிருந்து முக்கால்வாசி ஏற்றிவையுங்கள், முழுசாக வேண்டாம். ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும் அளவு போதும். இப்போது டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். இடது இலையின் நுனி சியரின் இடது காலின் மேல் படிந்திருப்பது தெளிவாகத் தெரியும். நடு இலை டிஸ்கனெக்டரின் சரிவான முகத்தில் இருக்கும். மேலே எட்டிப்பார்க்கும் டிஸ்கனெக்டர் தலையை விரலால் அமுக்கி விட்டால் துள்ளி மேலே வர வேண்டும். சோம்பலாகக் கிடந்தால் நடு இலை தவறிவிட்டது.

இலையை நகர்த்தப் பல் குத்தும் மரக்குச்சியே போதும். இலைகளை வளைக்கக் கூடாது. வளைத்தால் ட்ரிகர் எடை மாறும், ஒரு மாதிரி சரியானதுபோலத் தோன்றும், வேறு நாளில் மறுபடி விழும்.

ட்ரிகர் செத்துக் கிடக்கிறது

அழுத்தினால் எதுவும் ஆகவில்லை, விட்டால் திரும்பவும் வரவில்லை: நடு இலை. திரும்பி வருகிறது, ஆனால் ஹேமர் விழவில்லை: டிஸ்கனெக்டரைத் திருப்பி மாட்டியிருக்கலாம். அதன் அகன்ற அடிப்பகுதியின் சரிவான முகம் பின்னால் பார்க்க வேண்டும். நடு இலை தள்ளுவது அதைத்தான். சியரின் இரண்டு கால்களும் டிஸ்கனெக்டரை இருபுறமும் கவ்வ, ஒரே பின் இரண்டையும் கடந்து போகும். இரண்டையும் வெளியே கையில் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதே நிலையில் உள்ளே இறக்குவது சுலபம்.

க்ரிப் சேஃப்டி துவண்டு தொங்கினால் வலது இலை. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மெயின்ஸ்பிரிங் ஹவுசிங் கடைசிவரை ஏறவில்லை, அல்லது ஹேமருக்குத் தெம்பே இல்லை

ஹேமரிலிருந்து கீழே தொங்கும் ஸ்ட்ரட் என்ற வால், ஹவுசிங்கின் மேலே இருக்கும் மெயின்ஸ்பிரிங் மூடியின் குழியில் உட்கார வேண்டும். அது க்ரிப் சேஃப்டிக்கு உள்ளே, சியர் ஸ்பிரிங்குக்குப் பின்னே தொங்கும். மறந்துபோய் க்ரிப் சேஃப்டிக்கு வெளியே விட்டுவிட்டால் ஹவுசிங் இரண்டு சென்டிமீட்டருக்கு முன்னாலேயே முட்டும். ஹேமரைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு ஏற்றினாலும் முட்டும், ஏனென்றால் ஸ்ட்ரட் அப்போது கீழே நீண்டு மொத்த ஸ்பிரிங்கையும் அமுக்கச் சொல்கிறது.

ஆகவே வரிசை இப்படி: சியரும் டிஸ்கனெக்டரும், ஹேமர், சியர் ஸ்பிரிங், ஹவுசிங் முக்கால்வாசி, க்ரிப் சேஃப்டி, தம்ப் சேஃப்டி. தம்ப் சேஃப்டியை நுழைக்க ஹேமரைப் பின்னால் சாய்க்க வேண்டும். சேஃப்டியின் முன் விளிம்பைப் பின்புறப் பிளஞ்சர் மறித்தால் அதையும் ஸ்க்ரூடிரைவரால் அமுக்குங்கள். பிறகு ஹேமரை முன்னால் கொண்டுவந்து, ஸ்ட்ரட்டின் நுனி குழியில் விழுகிறதா என்று பார்த்து, ஹவுசிங்கை உள்ளங்கையால் மேலே தள்ளி, பின்னைப் போடுங்கள். பின் ஓட்டை பாதி மறைந்து தெரிந்தால் ஹவுசிங் இன்னும் ஏற வேண்டும். பின்னை அடித்து இறக்கி அதைச் சரிக்கட்ட முடியாது.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

தோட்டா இல்லாமல், மேகசின் இல்லாமல், ஹேமரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

தம்ப் சேஃப்டியை மேலே போட்டு, பிடியை முழுசாக இறுக்கி, ட்ரிகரை நன்றாக அழுத்தி விடுங்கள். ஹேமர் அசையக் கூடாது. இப்போது ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை இறக்குங்கள். இறக்கும்போது ஹேமர் விழுந்தாலோ, துப்பாக்கியைக் காதருகே வைத்து ஹேமரை மெல்லப் பின்னால் இழுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தாலோ, சேஃப்டி சியரை முழுசாகப் பிடிக்கவில்லை. சியர் உள்ளே நகர்ந்திருக்கிறது.

பிடியைத் தளர்த்தி, க்ரிப் சேஃப்டியை அமுக்காமல் ட்ரிகரை அழுத்துங்கள். விழக் கூடாது.

ஸ்லைடை ஒரு ஆறு மில்லிமீட்டர் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்துங்கள். விழக் கூடாது. அழுத்தியபடியே ஸ்லைடை முன்னால் விடுங்கள். அப்போதும் விழக் கூடாது. இது டிஸ்கனெக்டருக்கான சோதனை.

கடைசியாக, ட்ரிகரை அழுத்தி ஹேமரை விழச்செய்து, விரலை எடுக்காமலே ஸ்லைடை முழுசாக இழுத்து விடுங்கள். ஹேமர் நின்றிருக்க வேண்டும். ட்ரிகரை மெதுவாக விட்டால் ஒரு ‘க்ளிக்’ கேட்கும், மறுபடி அழுத்தினால் விழும். காலிச் சேம்பரில் ஸ்லைடை அடித்து மூடவிடுவதைச் சோதனை என்று சிலர் பத்து இருபது முறை செய்வார்கள். தோட்டாவின் தடை இல்லாமல் ஸ்லைடு மோதும் அடி சியருக்கும் ஹேமர் பல்லுக்கும் நேராகப் போகிறது. கையால் தாங்கி மூடுங்கள்.

நான்கு சோதனையிலும் தேறிய பிறகு ரேஞ்சில் முதல் மேகசினில் இரண்டே தோட்டா போடுங்கள். ஏழும் நிரப்பிவிட்டால், ஹேமர் கூடவே விழும் கோளாறு மிச்சமிருந்து வெடித்துக்கொண்டே போனால், கட்டுக்குள் வைக்க முடியாது. இரண்டோடு நின்றால் அதிகபட்சம் ஒரு கூடுதல் வெடிப்பு. அப்படி நடந்தால் மேகசினை எடுத்து, சேம்பரைக் காலிசெய்து, பையில் போட்டு, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சியர் முகமும் ஹேமர் பல்லும் தேய்ந்திருந்தால் அதற்கு அளவுக் கருவி வேண்டும். வீட்டு மேசையில் முடியாது.